பொம்மலாட்டத்துக்கு அழைத்துச் செல்லும் முன்: சத்தமும் இருட்டும் தாங்காத பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது?

கேள்வி
எழுதியவர்: காவிரிக்கரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பகல்நேர மையத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். அடுத்த மாதம் கும்பகோணத்தில், ஒரு திருமண மண்டபத்தில் நடக்கவிருக்கும் பொம்மலாட்டத்துக்கு எங்கள் பிள்ளைகள் ஆறு பேரை அழைத்துப் போக எண்ணியிருக்கிறோம். ஆறு வயது முதல் பதினொரு வயது வரை உள்ளவர்கள். பெரும்பாலோர் ஆட்டிசம் உள்ளவர்கள். பெற்றோருக்கும் விருப்பம்தான். ஆனால் திருவிழா, கல்யாணம் என்று எங்கே போனாலும் பாதியில் தூக்கிக்கொண்டு ஓடிவந்த அனுபவம் எல்லா வீட்டிலும் இருப்பதால், ‘இது நமக்குத் தேவையா’ என்ற தயக்கமும் கூடவே இருக்கிறது.

பிள்ளைகளின் தேவைகள் ஒன்றுக்கொன்று நேரெதிரானவை. ஒரு சிறுவன் குக்கர் விசில் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். அவனே எவர்சில்வர் தட்டைத் தரையில் சுழலவிட்டு, அது கணகணவென்று அடங்கும் வரை குனிந்து கேட்டுவிட்டு, மறுபடியும் சுழலவிடுவான். ஒரு சிறுமியால் ஓரிடத்தில் உட்காரவே முடியாது. ஊஞ்சலில் ஆடினால்தான் அவள் முகம் தெளியும். இன்னொருவன் மின்சாரம் போனால் அலறுவான். வேறொருத்தி பளபளக்கும் ஜரிகையைக் கண்டால் தொட்டே ஆகவேண்டும் என்பாள், தொட்டபின் விடமாட்டாள். மற்ற இருவருக்கும் நெருக்கமாக ஆட்கள் உட்கார்ந்தாலே உடம்பு விறைத்துவிடும்.

ஒரு மாத அவகாசத்தில் வகுப்பறையில் என்னென்ன செய்யலாம், ஆட்டக் குழுவினரிடம் எதை எல்லாம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், அன்றைக்கு எங்கே உட்கார வைப்பது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1
எழுதியவர்: சென்னை ஓ.டி.

வணக்கம் ஆசிரியை அவர்களே. பல ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக (ஓ.டி., அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்) இருக்கிறேன். உங்கள் தட்டுச் சிறுவனிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் தயாரிப்பின் அடிப்படை அவனிடம்தான் இருக்கிறது. தட்டின் ஓசை குக்கர் விசிலுக்குக் குறைந்தது அல்ல. ஆனால் அது எப்போது தொடங்கும், எப்படித் தேயும், எப்போது நிற்கும் என்பது அவனுக்குத் தெரியும். தொடங்கி வைப்பவனும் அவனே. விசில் அவனைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆகவே அவனுக்குச் சத்தத்தைப் பழக்குவது என்று நினைக்காமல், வரப்போகும் சத்தத்தை அவனுக்கு முன்பே தெரிந்ததாகவும் அவன் கைக்கு அடங்கியதாகவும் மாற்றுவது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

குழுவினரிடம் கேட்டு அவர்களுடைய பழைய ஆட்டத்தின் ஒலிப்பதிவைப் பத்து நிமிட அளவுக்குப் பெற்றுக்கொள்ளுங்கள். அதை வகுப்பில் மிகக் குறைந்த ஒலியில் போடுங்கள். கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் உள்ள பொத்தான் அவன் கையில்தான் இருக்க வேண்டும். ‘இன்றைக்கு இவ்வளவு தாங்கினான், நாளைக்கு இன்னும் கொஞ்சம்’ என்று நாம் பின்னாலிருந்து தள்ளக்கூடாது. பொறுத்துக்கொள்ளப் பழக்குவது என்ற பெயரில் நடக்கும் பல பயிற்சிகள், அழுதால் பயனில்லை என்பதை மட்டுமே பிள்ளைக்குக் கற்றுத் தருகின்றன.

சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் வாங்குவதானால் இப்போதே வாங்கிவிடுங்கள். தலையை இறுக்கும் புதுப் பொருளை ஆட்டத்தன்று முதன்முதலாக மாட்டினால் அதுவே தொல்லையாகிவிடும். அதை நாள் முழுவதும் மாட்டி வைப்பதும் சரியல்ல. அமைதியான நேரத்திலும் காதை மூடியே வைத்தால் சாதாரண ஒலிகூடப் பிறகு பெரிதாகத் தோன்றத் தொடங்கும். கழுத்தில் தொங்கவிட்டு, வேண்டும்போது அவனே ஏற்றிக்கொள்ளட்டும்.

அடுத்தது படக்கதை. அமெரிக்கச் சிறப்புக் கல்வியாளர் கரோல் கிரே 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘சமூகக் கதை’ முறையை, அதாவது வரப்போகும் சூழலைப் பிள்ளைக்குச் சிறு கதையாக முன்பே விளக்கும் முறையை, நீங்கள் பயிற்சியிலேயே படித்திருப்பீர்கள். அதில் பலரும் சறுக்குகிற இடம், கதை முழுவதையும் கட்டளையாக எழுதிவிடுவது. ‘நான் அமைதியாக உட்காருவேன், அழமாட்டேன்’ என்று எழுதினால் அது பிள்ளையிடம் வாங்கும் வாக்குறுதி. ‘மிருதங்கம் சத்தமாக ஒலிக்கும். எனக்குப் பிடிக்காவிட்டால் ஹெட்போன் போட்டுக்கொள்ளலாம். டீச்சரிடம் சிவப்பு அட்டையைக் காட்டினால் வெளியே போகலாம்’ என்று எழுதினால்தான் அது தகவல். இணையத்துப் படங்களை வைக்காமல், நீங்களே ஒருமுறை மண்டபத்துக்குப் போய் அந்த வாசல், அந்த நாற்காலிகள், அந்தக் கழிப்பறை, செருப்பு விடும் இடம், வெளியேறும் கதவு ஆகியவற்றைப் பிள்ளையின் கண் உயரத்திலிருந்து படமெடுத்து வரிசைப்படுத்துங்கள். நாம் நின்றபடி எடுக்கும் படத்தில் தெரிவது வேறு உலகம்.

ஊஞ்சல் சிறுமியை உட்கார வைக்கும் முயற்சியையே விட்டுவிடலாம். அசைவு அவளுக்குக் குறும்பல்ல, தேவை. ஆட்டத்துக்கு முந்தைய அரைமணி நேரத்தில் தண்ணீர்ப் பாட்டில்கள் உள்ள பையை அவளே தூக்கி வரட்டும், சுவரைக் கைகளால் தள்ளட்டும், படியேறி இறங்கட்டும். தசைக்கும் மூட்டுக்கும் வேலை கொடுக்கும் செயல்கள் பல பிள்ளைகளை நிதானப்படுத்துகின்றன. ஆட்டம் நடக்கும்போது அவளுக்குக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று ஆடுவதற்கு இடம் இருந்தால் போதும்.

சிறிய விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். வெளியே போகிறோம் என்று புதுப் பட்டுப்பாவாடையும் விறைப்பான சட்டையும் போட்டு அனுப்ப வேண்டாம் என்று பெற்றோரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். துவைத்துத் துவைத்து மெதுவாகிப்போன பழைய துணிதான் அன்றைக்கு உகந்தது. பசி, சிறுநீர் உந்துதல் இவற்றை உடனே உணர முடியாத பிள்ளைகள் உண்டு. அவர்கள் காரணம் தெரியாமலே கலங்குவார்கள். கேட்டுவிட்டுக் கழிப்பறைக்கு அழைத்துப் போவதைவிட, நேரம் பார்த்து அழைத்துப் போய்விடுங்கள்.

மறுமொழி 2
எழுதியவர்: கயிறும் கம்பியும்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பொம்மலாட்டக் குழுவுடன் ஊர் ஊராகச் சென்று வளர்ந்தவன் நான். இப்போதும் ஆட்டம் இருந்தால் திரைக்குப் பின்னால் நிற்பேன். மேலே எழுதியவர் சொன்னவை பிள்ளைகளின் பக்கத்து நியாயம். மேடைப் பக்கத்தில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்கிறேன்.

முதலில் பொம்மையின் அளவு. கடைப்பொம்மை, கைப்பாவை என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகள் வந்தால் திடுக்கிடுவார்கள். தமிழ்நாட்டுப் பொம்மலாட்டப் பொம்மைகள் மரத்தால் ஆனவை. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவது வழக்கம். இந்தியாவின் மரபுவழிக் கயிற்றுப் பொம்மைகளில் இவையே பெரியவை, கனமானவை. 4½ அடி உயரமும் 10 கிலோ எடையும் உள்ள பொம்மைகூட உண்டு. உங்கள் ஆறு வயதுப் பிள்ளையைவிட உயரமான ஒருவர், இமைக்காத பெரிய கண்களோடு, தரையில் கால் பாவாமல் வந்து நிற்பார். படக்கதையில் பொம்மையின் பக்கத்தில் ஒரு மனிதர் நிற்கும் படம் இருந்தால்தான் அளவு புரியும்.

ஆட்டுபவர் தலையில் ஒரு வளையம் அணிந்திருப்பார். அதிலிருந்து வரும் கயிறுகள் பொம்மையைத் தாங்கும். பொம்மையின் கைகளைக் கம்பிகளால் இயக்குவார். அவர் காலில் சலங்கை கட்டிக்கொண்டு ஆடுவதால்தான் பொம்மை நடக்கும்போது ஓசை சரியாகப் பொருந்தும். பொம்மை எப்படி அசைகிறது என்பது தெரியாததால் பயப்படும் பிள்ளைகள் ஏராளம். ஆகையால் ஆட்டத்துக்கு முன்பே, அதாவது திரை கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகக் கூட்டிவந்து காட்டச் சொல்லிக் குழுவிடம் கேளுங்கள். எங்களில் யாரும் மறுக்கமாட்டார்கள். ஜரிகையைத் தொட விரும்பும் சிறுமிக்கு அந்த நேரமே உகந்தது. கயிறு சிக்கிக்கொண்டால் ஆட்டமே நின்றுவிடும் என்பதால் மாட்டி வைத்திருக்கும் பொம்மையைத் தொட விடமாட்டோம். ஆனால் பெட்டியில் உபரியாக உடைகள் இருக்கும், அதில் ஒரு ஜரிகைத் துண்டைக் கேட்டு வாங்கி அவள் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

கதை என்ன என்பதை அவசியம் கேளுங்கள். அரிச்சந்திரன் கதை எங்களிடம் அடிக்கடி ஆடப்படுவது. அதில் லோகிதாசனைப் பாம்பு தீண்டும், தாய் பிள்ளையை மடியில் போட்டு அழும் புலம்பல் நீண்டுகொண்டே போகும், அதன்பின் சுடுகாடு. பெரியவர்களே கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடம் அது. பிறர் அழுகையைத் தாங்கமுடியாத பிள்ளைகளுக்கு அதை முதல் அனுபவமாகக் கொடுக்க வேண்டாம். வள்ளி திருமணம் என்றால் வேட்டுவக் கோலம், கிழவன் வேடம், யானை என்று வேடிக்கை அதிகம். யானை வரும் இடத்தை மட்டும் முன்பே சொல்லி வையுங்கள்.

நேரடியாகக் கதைக்குள் போகமாட்டோம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். விநாயகர் பூஜை, கோமாளி, ஆமணாட்டம், பூசணிக்காய் ஆட்டம் என்ற முன்னிகழ்ச்சிகள் மரபில் உண்டு. பூஜையில் கற்பூரமும் சாம்பிராணியும் இருக்கும். வாசனை தாங்காத பிள்ளை இருந்தால் அது முடிந்தபின் உள்ளே வரலாம். கோமாளி பேச்சு சிரிப்பை மூட்டுவதற்காகக் கீச்சுக் குரலில் திடீரென்று தொடங்கும், கூட்டமும் கைதட்டும். என் அனுபவத்தில் பிள்ளைகள் முதலில் அழுவது அரக்கனைப் பார்த்து அல்ல, இந்தக் கைதட்டலைக் கேட்டுத்தான்.

இசைக்கு மிருதங்கம், ஹார்மோனியம், தாளம், சில குழுக்களில் முகவீணை (நாதஸ்வரம் போன்ற சிறிய ஊதுகருவி). மைக் இல்லாமலே மண்டபத்துக்குப் போதும் என்பது என் கருத்து. ஆனால் இப்போதெல்லாம் ஸ்பீக்கர் பெட்டி வைக்காவிட்டால் நிகழ்ச்சி நடத்துபவருக்குத் திருப்தி வராது. ஒலிபெருக்கிக்காரரைத் தனியே பார்த்து, மைக்கை முன்பே சோதித்துக் கீச்சிடாமல் வைக்கவும், பெட்டிகளைப் பிள்ளைகள் இருக்கும் பக்கம் திருப்பாமல் வைக்கவும் சொல்லுங்கள். நெருப்பில் குங்கிலியப் பொடி தூவிச் சட்டென்று சுவாலை எழுப்பும் வழக்கம் சில கூத்துகளில் இருப்பதால், அப்படி ஏதேனும் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். உண்டென்றால் அன்றைக்கு மட்டும் தவிர்க்கச் சொன்னால் கதைக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

மறுமொழி 3
எழுதியவர்: ஒரு தகப்பன், திருச்சி

எல்லாம் சரி. ஒரு சந்தேகம் மட்டும். யானை வருவதையும் கோமாளி குரலையும் கயிற்றையும் கம்பியையும் முன்பே காட்டிவிட்டால், பிள்ளைக்கு வியப்பு என்ன மிச்சம் இருக்கும்? என் மகனுக்கும் ஆட்டிசம்தான். ‘திடீரென்று வந்தது’ என்பதில் இருக்கும் மகிழ்ச்சியை நாமே அவனிடமிருந்து எடுத்துவிடுகிறோமோ என்று தோன்றுகிறது.

மறுமொழி 4
எழுதியவர்: சென்னை ஓ.டி.

நியாயமான சந்தேகம் ஐயா. பிள்ளைக்குப் பிள்ளை மாறும் என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் வள்ளி திருமணம் பார்க்க உட்காரும் பெரியவர்களில், முருகன் கிழவனாக வருவான் என்பது தெரியாதவர் எவரும் இல்லை. தெரிந்த கதையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் கூத்து ரசனையே. எங்களிடம் வரும் பிள்ளைகள் பலர், ஒரே கார்ட்டூனின் ஒரே காட்சியை விடாமல் பார்த்துவிட்டு, அந்த இடம் வருவதற்கு ஒரு நொடி முன்பே சிரிக்கத் தொடங்குவார்கள். உங்கள் மகனுக்குத் திடீரென்று வருவது பிடிக்குமானால், அவனுக்குக் காட்ட வேண்டிய பக்கங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் வழியை மட்டும் குறைக்க வேண்டாம்.

மறுமொழி 5
எழுதியவர்: ஈஸ்ட் ஹாமிலிருந்து

இலண்டனில் வசிக்கிறோம். இங்கே இஸ்லிங்டன் பகுதியில் 1961-இல் தொடங்கப்பட்ட லிட்டில் ஏஞ்சல் தியேட்டர் என்ற பொம்மலாட்ட அரங்கம் இருக்கிறது. சிறிய அரங்கம்தான். என் மகள் முதன்முதலில் ஒரு நிகழ்ச்சியை முடிவு வரை பார்த்தது அங்கேதான். காரணம், இந்நாட்டு அரங்குகள் பலவற்றில் ‘ரிலாக்ஸ்டு பெர்ஃபார்மன்ஸ்’ என்ற பெயரில் தனிக் காட்சிகள் நடத்தும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. கதையும் நடிப்பும் வழக்கமானவைதான். பார்வையாளர் பக்கத்து விளக்குகளை முழுவதும் அணைக்காமல் மங்கலாக வைப்பார்கள். அதிரும் ஒலிகளைத் தணிப்பார்கள். கதவு திறந்தே இருக்கும். பிள்ளைகள் பேசலாம், எழுந்து நடக்கலாம், வெளியே போய்விட்டுத் திரும்பி வரலாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வெளியே ஒரு மூலையில் மெத்தையும் தலையணையுமாக அமைதியான இடம் ஒதுக்கியிருப்பார்கள்.

நிகழ்ச்சிக்கு முன்பே படங்களோடு ஓர் ஆவணம் இணையத்தில் கிடைக்கும். அதில் எனக்கு மிகவும் பயன்பட்டவை, எந்த இடத்தில் சத்தம் கூடும், எந்த இடத்தில் இருளும், எந்தப் பொம்மை பார்வையாளர் நடுவே இறங்கி வரும் என்பதைக் கதைப்போக்கோடு சேர்த்துச் சொல்லும் குறிப்புகள்தாம். ஆசிரியை அவர்கள் இதைக் குழுவினரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். துணைக்கு வருபவர் ஒவ்வொருவர் கையிலும் அந்தத் தாள் இருந்தால், யானை வருவதற்கு முன்பே ஹெட்போனை நினைவூட்டலாம்.

இன்னொன்று. நிகழ்ச்சி தொடங்குமுன் யாரேனும் ஒருவர் மேடைக்கு முன்னால் வந்து, ‘இன்று பிள்ளைகள் சத்தம் போடுவார்கள், நடமாடுவார்கள், அது எங்களுக்கு மகிழ்ச்சிதான்’ என்று அறிவிப்பார். பெற்றோரின் தோள் தளர்வதை அந்த நொடியில் பார்க்கலாம். பெரியவர் பதற்றத்தைப் பிள்ளைகள் அவ்வளவு சீக்கிரம் மோப்பம் பிடித்துவிடுவதால், அந்த அறிவிப்பு பிள்ளைகளுக்கும் உதவுகிறது.

மறுமொழி 6
எழுதியவர்: காவிரிக்கரை ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. நேற்றே குழுவினரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். கதை வள்ளி திருமணம்தான். பொம்மைகளைக் காட்டவும் ஒப்புக்கொண்டார்கள். ‘பிள்ளைகள் வந்தால் எங்களுக்கும் சந்தோஷம்தான் டீச்சர்’ என்றார் பெரியவர். ஒலிபெருக்கிக்காரரின் எண்ணையும் வாங்கிவிட்டேன்.

சிக்கல் மண்டபத்தாரிடம்தான். பொதுமக்களும் வரும் நிகழ்ச்சி என்பதால், விளக்கை எரியவிடுவதற்கும் பின்கதவைத் திறந்து வைப்பதற்கும் தயங்குகிறார்கள். ‘பிள்ளைகளைக் கொஞ்சம் கட்டுப்பாடாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றும் சொன்னார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?

மறுமொழி 7
எழுதியவர்: மௌனவாசி

நான் ஆட்டிசம் உள்ளவன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கட்டுப்பாடாக உட்கார்ந்து காட்டிய பிள்ளை நான். எந்த விழாவுக்குப் போனாலும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பேன். சமர்த்து என்று எல்லோரும் சொல்வார்கள். உட்கார்ந்திருப்பதிலேயே முழுச் சக்தியும் செலவாகிவிடும் என்பதால் மேடையில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் முழுவதும் பேச்சே வராது. ஆகவே அசையாத பிள்ளையைப் பார்த்து ‘இவனுக்குப் பிரச்சினை இல்லை’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். உங்கள் ஆறு பேரில் உடம்பு விறைத்துப்போகும் அந்த இருவரைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அலறுபவன் எப்படியும் கவனம் பெற்றுவிடுவான். விறைத்திருப்பவரிடம் ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள், ஆம் என்றுதான் வரும். ‘இங்கேயா, வெளியேயா?’ என்று இரண்டு அட்டைகளைக் காட்டுங்கள்.

மண்டபத்தாருக்கு: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அதன் 29-ஆவது பிரிவு, மற்றவர்களுக்குச் சமமாகப் பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பங்குகொள்ளும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் பொறுப்பை அது அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும்தான் விதிக்கிறது என்பதால், மண்டபத்தாரிடம் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதில் பயன் இருக்காது. எடுத்துச் சொல்வதற்கு உதவும். அதைவிட, கேட்பதை அவர்களுக்கு எளிதாக்கிவிடுங்கள். ‘எல்லா விளக்கையும் எரியவிடுங்கள்’ என்று கேட்காமல், ‘பின்சுவரில் உள்ள ஒரு டியூப்லைட்டை மட்டும் அணைக்க வேண்டாம்’ என்று கேளுங்கள். கதவைத் திறந்து வைக்கத் தயங்கினால், தாழிடாமல் சாத்தி வைத்து, அங்கே எங்கள் ஆள் ஒருவரை நிறுத்திக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள்.

மறுமொழி 8
எழுதியவர்: கயிறும் கம்பியும்

டியூப்லைட் யோசனை நல்லது. மேடைக்கு எங்களுக்குத் தனி விளக்கு இருப்பதால் பின்சுவர் வெளிச்சத்தால் ஆட்டத்துக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. இதைக் குழுப் பெரியவரே மண்டபத்தாரிடம் சொன்னால் அவர்கள் கேட்டுக்கொள்வார்கள், அவரையே பேச வையுங்கள். நீங்கள் கேட்கும் இடம், பின்வரிசையில் கதவுப் பக்கத்து ஓரமாக இருக்கட்டும். முன்வரிசையை மரியாதைக்காகக் கொடுக்க வருவார்கள், ஏற்றுக்கொள்ளாதீர்கள். மாலை ஆட்டம் என்றால் நாங்கள் பிற்பகல் இரண்டு மணிக்கே வந்து திரை கட்டத் தொடங்கிவிடுவோம். நான்கு மணிக்குள் பிள்ளைகளைக் கூட்டிவந்தால் மிருதங்கக்காரரும் சும்மாதான் இருப்பார். தட்டுச் சுழற்றும் பையனை அவர் பக்கத்தில் உட்கார வைத்து, மிருதங்கத்தை அவனே இரண்டு முறை தட்டிப் பார்க்க விடுங்கள்.